எடைமேடையில் ஒரு கோட்டை

வேலந்தாவளம் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
பத்து மணிக்குமேல் வண்டி குறைவு.
பல்லடத்துக் கோழி லாரி ஒன்று,
வைக்கோல் ஏற்றியது ஒன்றோ இரண்டோ.
அப்புறம் கணவாய்க் காற்று மட்டும்
தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி எடை பார்க்கும்.
அந்த நேரத்தில் நான் கோட்டை கட்டுகிறேன்.

ஒரு மலை. நாற்பத்து மூன்று பேர். ஒரு தூக்குப்பாலம்.
கிணற்றுக்கு இறங்கப் பதினோரு படி,
குறுகலாக, ஒருவர் மறித்தால் போதும்படி.
படையில் ஏழு பேர்.
ஏழு பேருக்கும் எங்கள் சுமைக்காரர்கள் பெயரையே வைத்தேன்.
அதுதான் தப்போ என்னவோ.

'வடக்கு வாசலுக்குப் போங்கள்' என்றால்
கண்டமுத்தன் போய் நிற்பான், வாளை எடுக்காமல்.
ஆறுச்சாமி வாளை எடுக்கப் போவான்,
வழியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு
அதை வைக்கப் பெட்டி தேடுவான்.
வேலுண்ணிக்குத் தாகம்.
பாலத்தை இழுத்து மூட வேண்டிய குட்டப்பன் தூக்கம்.
மாசாணி ஒருவன்தான் சொன்னபடி கேட்பவன்;
பாலம் ஒருவழியாக மூடியபோது
அவன் அதற்கு அந்தப் பக்கம் நின்றான்.
சிவராமன்கள் இரண்டு பேரும்
எதிரி வருவதைக் கைகட்டிப் பார்த்தார்கள்.
நோக்குகூலி கேட்பார்கள் போல.

அணி, உள்ளணி, முறைநேரம், ரோந்துப் பாதை,
ஒரு பட்டியலைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று.
'அடி' என்று ஒரு பொத்தான்
இத்தனைக்குள் எங்கேயும் இல்லை.
வெளியே சுலைமான்
பீடியை வாயிலிருந்து எடுக்காமலே
இடதுகையைக் காட்டினால்
முப்பது டன் மூச்சிரைத்து நிற்கிறது.

சேமிப்பது வேறு கதை.
சேமித்தால் ஆட்டம் மூடிக்கொள்ளும்.
கோட்டையைக் காக்க
கோட்டையை விட்டு வெளியேற வேண்டும்;
திரும்பி நுழைய ஒரு டீ குடிக்கும் நேரம்.
அதுவாகச் சேமிப்பது பருவத்துக்கு ஒருமுறை,
வரி கட்டச் சொல்லி வரும் தபால் மாதிரி.
இன்னும் கொஞ்சம், இந்தச் சண்டை முடியட்டும் என்று
நானும் தள்ளிப்போட்டேன்.

வியாழக்கிழமை ராத்திரி அது நடந்தது.
என் உத்தரவு எதுவுமில்லாமல்
கண்டமுத்தன் கிணற்றுப் படியில் போய் நின்றான்.
கையில் வாளி.
வாளியாலேயே முதலில் வந்தவனை அடித்தான்.
இரண்டாமவன். மூன்றாமவன்.
கீழே தண்ணீருக்குப் போன பிள்ளைகள் ஒன்பது பேர்.
ஆறாவது படி, ஐந்தாவது படி,
நான் எலியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்,
தொட்டால் செருப்பு எடுக்கப் போய்விடுவானோ என்று.

கரண்ட் போனது.

முதலாளி வாங்கிய இன்வெர்ட்டர் எடைமேடைக்கு மட்டும்.
என் மடிக்கணினியின் பேட்டரி செத்து இரண்டு வருடம்.
இருட்டில் சிவப்பாக எரிந்தது
மேடைமேல் நின்ற கோழி லாரியின் எடை,
ஒன்பதாயிரத்து நூற்றெண்பது, ஒரு கிலோ பிசகாமல்.
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.
நிறை எடை, காலி எடை, கழித்தால் சரக்கு.

இரண்டு மணிக்கு வெளிச்சம் வந்து திறந்தால்
கோட்டையில் வசந்தத்தின் முதல் நாள்.
மாசாணி பாலத்துக்கு உள்ளே.
அந்த ஒன்பதில் இரண்டு பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை.
கண்டமுத்தன் வாளியோடு படியிறங்கிக்கொண்டிருந்தான்,
சும்மா, தண்ணீர் மொள்ள.
வடக்கு வாசலுக்குப் போ என்றேன்.
போனான், வாளில்லாமல்.

காலையில் கடைக்கு டீ குடிக்க வந்தவனிடம் சொன்னேன்:
"நேத்து ராத்திரி நீ ஒத்தையா நின்னு
ஒம்பது பிள்ளைகளக் காப்பாத்துன, கண்டமுத்தா."
டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டான்:
"ராத்திரின்னா ஒண்ணரைக் கூலியாக்கும். எழுதி வெச்சியா?"

எங்கே எழுதி வைத்தேன்.